விழுந்த வரப்பில் மறுபடி நடக்க: 63 வயது கிட்டிக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் இன்றைக்கு வேட்டை என்று மிச்சம் இருப்பது பெரும்பாலும் வயல் எலி வேட்டைதான். மடையான், கொக்கு, உடும்பு என்று முந்தைய தலைமுறை பிடித்தவை எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கை வைக்கக் கூடாதவை. எலிக்கு மட்டும் விவசாயியே ஆள் தேடி வருகிறார். மூங்கிலை வில்லாக வளைத்துச் சுருக்கு கட்டி, எலி தீனியை இழுத்த நொடியில் வில் நிமிர்ந்து கழுத்தை இறுக்கும்படி செய்கிற பொறிதான் கிட்டி. சாயங்காலம் வரப்போரம் வைத்து, விடிவதற்குள் போய் எடுக்க வேண்டும். விடிந்துவிட்டால் மாட்டிய எலியைக் காக்கையும் நாயும் இழுத்துப் போய்விடும், சமயத்தில் கிட்டியோடு சேர்த்தே. எலியை எண்ணித்தான் கூலி.

இந்த வேலைக்கு எவ்வளவு உடம்பு வேண்டும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு முழம் அகலம்கூட இல்லாத களிமண் வரப்பு. ஒரு பக்கம் பயிர், மறு பக்கம் வாய்க்கால். தோளில் கிட்டிக் கட்டு. நூறு கிட்டி என்றால் சாயங்காலம் நூறு முறை உட்கார்ந்து எழ வேண்டும், விடியலில் இன்னொரு நூறு முறை. இதையெல்லாம் பாதி இருட்டில் செய்ய வேண்டும். எலி வளை இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும் என்பதை மறக்கவே முடியாது.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஆய்வில் வருபவர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூர்க்காரர். அப்பா வழியில் வந்த தொழில். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், மற்றதை எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்.

விழுந்ததும் அதற்குப் பிறகும்

வயது 63, எடை 56 கிலோ. சர்க்கரைக்கு ஏழு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். புரட்டாசியில், சம்பாப் பயிர் தூர் கட்டும் சமயம், இரவு மழை பெய்து விட்டிருந்த ஒரு விடியலில் விழுந்திருக்கிறார். கட்டு இடது தோளில் இருந்தது. இடது கால் வாய்க்கால் பக்கம் சறுக்கியது. இடுப்பிலும் மணிக்கட்டிலும் அடி. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்துவிட்டது.

ஆனால் ஐப்பசிக் கடைசியில் அவரை என்னிடம் அழைத்து வந்தது அவர் மனைவி. "நாலு மணிக்கே எந்திரிச்சிடுறாரு தம்பி. எந்திரிச்சுத் திண்ணையிலயே உக்காந்திருக்காரு, வெளுக்கட்டும் வெளுக்கட்டும்னு. வெளுத்தப்புறம் போனா அங்க என்ன இருக்கும்?"

அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பயம் எதுவும் இல்லை, கால் பேச்சுக் கேட்க மாட்டேன் என்கிறது என்றார். கொஞ்சம் பேசிய பிறகுதான் விஷயம் வந்தது. "விழுந்தது பெரிசில்லை தம்பி. எந்திரிக்க முடியல பாருங்க, அதான்." சேற்றில் கட்டு மேலே கிடக்க, முழங்காலை மடக்கி ஊன்ற முடியாமல் கிடந்திருக்கிறார். பால் ஊற்றப் போன ஒருவர் குரல் கேட்டு வந்து தூக்கிவிட்டிருக்கிறார். அப்பா காலத்திலிருந்து நடந்த வரப்பில் இன்னொருவர் கைத்தாங்கலாகத் தூக்க வேண்டி வந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

பரிசோதனை

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று பார்ப்பது எளிய சோதனை. 60 முதல் 64 வயது ஆண் 14 முறைக்குக் கீழே செய்தால் சராசரிக்குக் குறைவு என்று கணக்கு. இவர் 11 முறை எழுந்தார். ஒற்றைக் காலில் வலப்பக்கம் 9 விநாடி நின்றார், இடப்பக்கம் 3 விநாடி. இந்த வயதில் 10 விநாடியாவது நிற்க வர வேண்டும். பாதத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை வைத்து அழுத்திப் பார்த்தபோது இடது பெருவிரலடியில் இரண்டு இடங்களில் உணர்வு தெரியவில்லை. கணுக்கால் மேல்நோக்கி மடங்குவதும் இடப்பக்கம் குறைவு. படுத்து எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கவில்லை, ஆகவே தலைசுற்றலால் விழுந்தார் என்று சொல்ல முடியாது. வலது கண்ணில் புரை தொடங்கியிருப்பதாகக் கண் மருத்துவர் சொன்னார்.

தினமும் இருநூறு முறை உட்கார்ந்து எழும் ஆளுக்கு நாற்காலிச் சோதனையில் 11 எப்படி வரும்? இந்தக் கேள்வி எனக்கு உறுத்தியது. வயலுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது. அவர் குந்தி உட்காரவே இல்லை. முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து கிட்டியை ஊன்றினார். நிமிரும்போது இடது கை தானாகத் தொடைக்குப் போனது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். இரண்டு மூன்று வருடமாக முட்டி வலிக்கிறது, குனிந்தால் வலிக்காது என்றார். கிட்டியும் நூறிலிருந்து அறுபதாக இறங்கியிருந்தது. உடம்பு வலிக்காத வழியைத் தேடிக்கொண்டது. அந்த வழியில் தொடைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. விழுந்த அன்று எழ முடியாமல் போனதற்கு அந்த இரண்டு மூன்று வருடமே காரணம்.

வரப்பில் நடக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. கால் விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடித்தன, முட்டி விறைத்திருந்தது, மூச்சை அடக்கியிருந்தார், பார்வை அடுத்த காலடி விழும் இடத்தை விட்டு அசையவில்லை. விழுந்துவிடுவோம் என்று பயப்படும் உடம்பு இப்படித்தான் தன்னை இறுக்கிக்கொள்ளும். இறுகிய கால் சறுக்கலைச் சமாளிக்காது, வளைந்து கொடுக்கும் கால்தான் சமாளிக்கும். பயம் காலை விறைக்க வைக்கிறது, விறைத்த கால் மறுபடி தடுமாறுகிறது, தடுமாற்றம் பயத்தைக் கூட்டுகிறது. இந்தச் சுற்றில் தசையை மட்டும் சரிசெய்தோ, மனதை மட்டும் தேற்றியோ பயனில்லை. இரண்டையும் ஒரே இடத்தில், அந்த வரப்பிலேயே பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடந்தால் போதுமா

வயதானவர்களுக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரே மருந்து நடை. இவர் நடக்காத ஆளா? தினம் எட்டு கிலோமீட்டராவது நடக்கிறவர். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் ஐம்பதுக்கு மேல் உடம்பு முதலில் இழப்பது வேறு. தசையின் பலம் குறைகிறது. அதைவிட வேகமாகக் குறைவது அந்தப் பலத்தைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன். கால் சறுக்கினால் அடுத்த காலை எட்டி ஊன்றக் கிடைப்பது ஒரு விநாடிக்கும் குறைவான நேரம். அந்தச் சட்டென்ற பலத்தைச் சீரான நடை வளர்ப்பதில்லை.

டெல்டாவிலிருந்து வருடா வருடம் வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் கிளம்புகிற ஐம்பது வயதுக்காரர்களிடமும் இதையேதான் பார்க்கிறேன். ஸ்டேடியத்தைச் சுற்றி மாதக்கணக்கில் நடந்துவிட்டுப் போவார்கள். ஏறிவிடுவார்கள், இறங்கும்போது தொடை நடுங்கும். இறக்கத்தில் உடம்பின் எடையைத் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டும். சமதரையில் அதற்குப் பழக்கமே கிடையாது. மேடு இல்லாத நம் ஊரில் அதற்கு வேண்டியது ஒரு வரப்போ, வாசற்படியோ, ஆற்றங்கரைச் சரிவோதான்.

வரப்பிலேயே பயிற்சி

வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்தோம். தினமும் செய்கிறேன் என்றுதான் நின்றார். அறுபதுக்கு மேல் தசை தேறி வர நேரம் பிடிக்கும் என்பதைப் புரியவைப்பதே முதல் வேலையாக இருந்தது.

குந்துவதற்குச் செங்கல் உதவியது. மாட்டுக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, அடுக்கி வைத்த செங்கல் மேல் மெதுவாக உட்கார்ந்து எழ வேண்டும். முட்டி வலிக்காத உயரத்தில் தொடங்கினோம். வலி இல்லாமல் பத்து முறை வந்தால் ஒரு செங்கல்லை எடுத்துவிடுவது. மார்கழியில் கடைசிக் கல்லும் போய், தூணைத் தொடாமல் தரையோடு குந்தினார். முட்டி தேய்ந்தவர்கள் குந்தவே கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லோருக்கும் குந்துவது ஒத்துவராது என்பது சரிதான். ஆனால் குந்தித்தான் பிழைக்க வேண்டும் என்றிருப்பவருக்குப் படிப்படியாக அந்தப் பலத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்க்காமலே தடை சொல்வது அவர் தொழிலைப் பறிப்பதாகும்.

வரப்பிலிருந்து வயலுக்குள் ஒரு காலை இறக்குவதை நாலு எண்ணும் வரை இழுத்துச் செய்யச் சொன்னேன். வாசற்படியில் நின்று குதிகாலை வேகமாகத் தூக்கி, மெதுவாக இறக்குவது இன்னொன்று. அப்புறம் வைக்கோல் பரப்பிய களத்தில் நிற்க வைத்து, எதிர்பாராத நேரத்தில் தோளில் லேசாகத் தள்ளினேன். காலை எட்டி ஊன்றிச் சமாளிக்க வேண்டும். பேரன் இதில் ஆர்வமாகச் சேர்ந்துகொண்டான்.

சுமையையும் மாற்றினோம். நூறு கிட்டி ஒரே கட்டாக ஒரு தோளில் 14 கிலோ இருந்தது, நனைந்தால் கூடும். உரச்சாக்கு இரண்டைச் சேர்த்துத் தைத்து, முன்னும் பின்னும் தொங்கும்படி கழுத்து வழியே போட்டுக்கொள்ளும் பையை அவர் மனைவியே செய்து கொடுத்தார். இருபது கிட்டியில் தொடங்கி வாரத்துக்குப் பத்து கூட்டினோம்.

சாப்பாட்டில் காலையில் பழைய சோறு, மத்தியானம் குழம்புச் சோறு, இரவு மறுபடி சோறு. மீன் வாரத்தில் ஒருநாள். வயதானவர்களின் தசைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை, இவருக்கு நாளைக்கு 56 முதல் 67 கிராம் வரை. பாதிகூடத் தேறவில்லை. சம்பா அறுப்பை ஒட்டி உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊரில் இது வருத்தமான விஷயம். காலையில் ஊற வைத்த பயறும் முட்டையும், இரவில் சோற்றைக் குறைத்து உளுந்து அடையோ சுண்டலோ, வாய்க்கால் மீன் கிடைக்கிற நாளெல்லாம் மீன் என்று மாறியது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே இதைச் செய்தோம்.

காலில் என்ன போடுவது என்பதில்தான் இழுபறி. வெறுங்கால்தான் வரப்பைப் பிடிக்கும் என்பது அவர் கட்சி. உணர்வு குறைந்த பாதத்துக்கு வெறுங்கால் ஆபத்து. முள் குத்தினாலும் தெரியாது. முழங்கால் வரை வரும் கம்பூட்ஸைச் சேறு கவ்விக்கொண்டு ஆளையே கவிழ்க்கும். கடைசியில் காலோடு ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் ஷூவுக்குச் சம்மதித்தார். இரவில் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, பாதத்தைக் கண்ணாடியில் பார்த்த பிறகே படுப்பது என்பதும் முடிவாயிற்று. சேற்றுப்புண் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் கிருமி சுலபமாக நுழைகிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் தினமும் நிற்பவர் இவர். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் ஒருநாள்கூடப் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எலி பிடிக்கிறவர் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் மனைவிக்கும் பேரனுக்கும் சொல்லி வைத்தேன்.

பயத்தோடு செய்த வேலை

முதலில் விழப் பழக்கினேன். களத்து வைக்கோலில் படுக்க வைத்து, ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, நாலு காலில் வந்து, பலமான வலது காலை முன்னால் வைத்து எழுவது. கட்டு தோளில் இருந்தால் எழுவதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். விழுந்த அன்று அவர் அதைக் கழற்றவே இல்லை, கிட்டி நனைந்துவிடும் என்று. வைக்கோலில் சரளமாக வந்த பிறகு அறுவடை முடிந்த ஒரு குறுவை வயலின் சேற்றில் செய்தார். சேற்றிலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழுந்து நின்ற அன்று அவர் முகத்தில் தெரிந்த மாற்றம் எந்தத் தசைப் பயிற்சியிலும் வரவில்லை. எழ முடியும் என்று தெரிந்த பிறகு விழுவதைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது.

பயம் எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் அவருக்கு ஒட்டவில்லை. பதினாறணாவை முழுசாக வைத்து, அணாக் கணக்கில் சொன்னார். பகலில் வெறுங்கையோடு அந்த வரப்பில் நடந்தபோது பத்தணா. சுமையோடு பகலில், சுமை இல்லாமல் அந்தியில், சுமையோடு அந்தியில், கடைசியாக விடியல் இருட்டில் என்று படியேற்றினோம். ஒரு படியில் நாலணாவுக்கு இறங்கினால்தான் அடுத்தது. கார்த்திகை மழையில் இரண்டு வாரம் ஒரே படியில் நின்றோம், ஒருமுறை கீழேயும் இறங்கினோம். அவசரப்படுத்தவில்லை.

விறைப்புக்கு மருந்து மூச்சுதான். அடியெடுத்து வைக்கும்போது மூச்சை வெளியே விடச் சொன்னேன். மூச்சு போகும்போது முட்டி தானாக இளகும். பார்வைக்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். கிட்டி வைத்த இடத்தில் அடையாளத்துக்குப் பனையோலைக் கீற்று ஒன்றைச் செருகுவார். வரப்பு முழுவதையும் நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது, அடுத்த ஓலை வரைக்கும் என்றால் ஒன்றும் இல்லை என்றார். நீண்ட தூரம் ஓடுகிறவர்களும் மலையேறுகிறவர்களும் பயிற்சியாளர் வைத்துக் கற்றுக்கொள்கிற உத்தி இது.

வெளிச்சத்தில் ஒரு மாற்றம் செய்தோம். இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவே அறுபது வயதுக் கண்ணுக்குப் போகிறது. அவரிடம் இருந்தது நெற்றியில் கட்டும் டார்ச். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் பள்ளத்தின் நிழல் விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். அதை இடுப்பில் கட்டச் சொன்னதும் வரப்பின் வெடிப்பும் வளை வாயும் நிழலோடு எழும்பித் தெரிந்தன. நெற்றிக்கு இன்னொரு சின்ன டார்ச். கையில் ஒரு கம்பு, தட்டிக்கொண்டே போக. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் உலவுகிற வயலில் இது யாருக்குமே கட்டாயம். கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மன உறுதி என்றால் எந்த நிலையிலும் பின்வாங்காதது என்றே இந்தத் தொழிலில் பலரும் நினைக்கிறார்கள். இளவயதில் அது ஓரளவு செல்லும். 63 வயதில் நனைந்து, குளிர்ந்து, கூலியும் கண்ணில் தெரியும் விடியற்காலையில் நிதானமாக முடிவெடுப்பது கடினம். அதனால் முடிவை முதல்நாள் திண்ணையில் வைத்தே எடுத்தோம். வரப்பு விளிம்பு தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றால் போவதில்லை. டார்ச் ஒன்று அணைந்தால் திரும்புவது. பேரனோ பக்கத்து வயல்காரரோ கூப்பிடு தூரத்தில் இல்லாத நாள் வடிகால் பக்கம் வைப்பதில்லை. இதை வயல்காரர்களிடம் அவரே போய்ச் சொன்னார். ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் சரி என்றார்கள்.

தை மாத நிலவரம்

தை இரண்டாம் வாரத்தில் மறுபடி சோதித்தேன். நாற்காலிச் சோதனையில் 15. ஒற்றைக் காலில் வலது 18 விநாடி, இடது 11. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.9-லிருந்து 7.3-க்கு வந்திருந்தது, இதில் சாப்பாட்டு மாற்றத்துக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். குறுவைக்குப் பின் நட்ட தாளடி வயல்களில் எண்பது கிட்டி வரை வைத்தார். விடியலுக்கு முன்பே போய் எடுத்தார். மார்கழியில் இரண்டு முறை சறுக்கியிருக்கிறார். ஒருமுறை காலை ஊன்றிச் சமாளித்தார். இன்னொரு முறை உட்கார்ந்தவாக்கில் விழுந்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து, மீதிக் கிட்டியையும் எடுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார்.

தேறாதவையும் உண்டு. இடது பெருவிரலடியில் போன உணர்வு திரும்பவில்லை, திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நூறு கிட்டிக்குப் போக ஆசைப்பட்டார். எண்பதுக்கு மேல் போன நாள்களில் மறுநாள் முட்டி வீங்கியது, ஆகவே எண்பதோடு நிற்கச் சொன்னேன். அரை மனதோடு சம்மதித்தார். அடைமழை நாளில் விடியலில் பயம் இன்னும் ஐந்தணா இருக்கிறதாம். அது இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

ஒருவரிடம் பார்த்ததை எல்லோருக்கும் பொருத்த முடியாது. முட்டி மோசமாகத் தேய்ந்தவர், இதயக் கோளாறு உள்ளவர், எழுந்தால் தலைசுற்றுகிறவர் இந்தப் பயிற்சிகளை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அறுப்பு முடிந்ததும் வளை வெட்டும் வேலை வரும். மண்வெட்டி பிடித்துக் குனிந்து வெட்டுவது இடுப்புக்கு வேறு விதமான சோதனை. அதற்குத் தனியாக ஒரு பயிற்சி தொடங்கியிருக்கிறோம். வலது கண் புரைக்குப் பங்குனியில் ஆபரேஷன். மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவுக்கு முன் அதே சோதனைகளை இன்னொரு முறை வைத்துப் பார்த்து, அந்தப் பருவத்துக்கு எத்தனை கிட்டி, எந்தெந்த வயல் என்று முடிவு செய்வோம்.